வீட்டு லேபில் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாதீர்கள்

ஒரு நாள் இரவு மின்சாரம் போய்த் திரும்ப வந்தது. என் லேபின் (வீட்டில் வைத்திருக்கும் சர்வர் அமைப்பின்) ஹோஸ்ட், அதாவது விஎம்களை (மென்பொருளால் உருவாக்கிய மெய்நிகர் கணினிகளை) ஓட்டும் நிஜக் கணினி, தானாக எழுந்துவிட்டது. ஆனால் அதில் ஓட வேண்டிய விஎம்களில் ஒன்றுகூட எழவில்லை. அரை மணி நேரம் லாக்குகளைத் துழாவிய பிறகுதான் காரணம் பிடிபட்டது. விஎம்களின் டிஸ்க்குகள் எல்லாம் நெட்வொர்க் ஸ்டோரேஜில் இருந்தன. அந்த ஸ்டோரேஜை ஐபி முகவரி கொடுக்காமல் பெயரைக் கொடுத்து இணைத்திருந்தேன். அந்தப் பெயருக்கு முகவரி சொல்ல வேண்டிய டிஎன்எஸ் சர்வரும் ஒரு விஎம்தான். அதன் டிஸ்க் இருந்ததோ அதே ஸ்டோரேஜில்!

பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை இது. வீட்டு லேபில் நடக்கும் பெரிய சேதங்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான் என்பது என் அனுபவம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். எது எதை நம்பி நிற்கிறது என்று கோடு போட்டுப் பார்த்தால்தான் வட்டம் தெரியும்.

இந்த வட்டத்தை உடைப்பது கடினமில்லை. ஸ்டோரேஜை ஐபி முகவரியால் இணையுங்கள், அல்லது ஹோஸ்டின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்தப் பெயரையும் அதன் முகவரியையும் எழுதி வையுங்கள். ஹோஸ்ட் தன் டிஎன்எஸ் கேள்விகளுக்குத் தன் மேலேயே ஓடும் விஎம்மை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. ரவுட்டரையோ தனியான சின்னக் கருவி ஒன்றையோ கேட்கட்டும். விஎம்களை நிர்வகிக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் மென்பொருளில் ஒவ்வொரு விஎம்முக்கும் தொடக்க வரிசை எண்ணும், அடுத்தது எழும் முன் எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்பதும் கொடுக்கலாம். டிஎன்எஸ் முதலில், டேட்டாபேஸ் அடுத்து, அதை நம்பும் செயலிகள் அப்புறம். கடவுச்சொல் பெட்டகத்தையும் விஎம்மில் ஓட்டுகிறீர்களா? ஹோஸ்டின் ரூட் கடவுச்சொல் அதற்குள் மட்டும் இருந்தால் மறுபடி அதே கதைதான்.

ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நம்புவது

இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஸ்னாப்ஷாட் என்பது அதே டிஸ்க்கில், அதே பூலில் (விஎம்கள் பகிர்ந்துகொள்ளும் சேமிப்பிடத்தில்), பழைய பிளாக்குகளை (தரவு எழுதப்படும் சிறு துண்டுகளை) அழிக்காமல் பிடித்து வைத்திருக்கும் ஓர் ஏற்பாடு. டிஸ்க் போனால் அதுவும் கூடவே போகும். அப்டேட் போடுவதற்கு முன் ஒன்று எடுத்து, எல்லாம் சரி என்று தெரிந்ததும் நீக்கிவிடுவதற்குத்தான் அது. மாதக்கணக்கில் விட்டுவைத்தால் மாறும் ஒவ்வொரு பிளாக்குக்கும் பழைய பிரதியைச் சுமந்துகொண்டு பூலை மெல்ல நிரப்பும். பேக்கப் சர்வரை அதே ஹோஸ்டில் ஒரு விஎம்மாக வைத்து, அதே டிஸ்க்கில் சேமிப்பதும் இதே தவறுதான்.

மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை. மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு விஎம்மை வேறு விஎம் எண்ணில் மீட்டு, அதன் நெட்வொர்க் கார்டைத் துண்டித்துவிட்டு, கன்சோலில் பூட் செய்து பாருங்கள். துண்டிக்க மறந்தால் ஒரே ஐபி முகவரியோடு இரண்டு இயந்திரங்கள் நெட்வொர்க்கில் நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும் அசல் சர்வர் அல்லாட ஆரம்பித்துவிடும். உள்ளே டேட்டாபேஸ் இருந்தால் இன்னொரு விஷயமும் உண்டு. விஎம்முக்குள் கியூஇஎம்யூ கெஸ்ட் ஏஜென்ட் (ஹோஸ்டோடு பேசும் சின்ன மென்பொருள்) இருந்தால், பேக்கப் தொடங்கும் நொடியில் கோப்பு முறைமையைச் சற்று உறைய வைக்கும். இல்லாவிட்டால் கிடைக்கும் பிரதி, ஓடும் கணினியின் பிளக்கைப் பிடுங்கிய நிலையில்தான் இருக்கும். ஏஜென்ட் இருந்தாலும் டேட்டாபேஸை அதன் சொந்த டம்ப் கருவியால் தனியாக ஒரு பிரதி எடுத்து வைப்பதே என் பழக்கம்.

இல்லாத இடத்தைப் பங்கு போடுவது

500 ஜிபி பூலில் ஆளுக்கு 200 ஜிபி என்று ஐந்து விஎம்களுக்கு டிஸ்க் கொடுக்கலாம். தின் ப்ரொவிஷனிங் அதை மறுப்பேதும் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும், எழுதப்பட்ட பிளாக்குகளுக்கு மட்டுமே இடம் பிடிக்கும் என்பதால். பூல் முழுவதும் நிரம்பும் நாளில் சிக்கல் ஒரு விஎம்மோடு நிற்காது. அதில் இருக்கும் அத்தனைக்கும் எழுதும் பிழை வந்து, கோப்பு முறைமைகள் பழுதாகும் அளவுக்குப் போகலாம்.

பலர் இங்கே இன்னொன்றையும் கவனிப்பதில்லை. விஎம்முக்குள் 50 ஜிபி கோப்புகளை அழித்தாலும் பூலில் இடம் திரும்பாது. அழித்த பிளாக்குகள் இனி வேண்டாம் என்று விஎம் கீழே சொல்ல வேண்டும். அதற்கு அந்த டிஸ்க்கின் அமைப்பில் டிஸ்கார்ட் வசதியை இயக்கி, உள்ளே அப்படிச் சொல்லும் எஃப்எஸ்ட்ரிம் கட்டளை அவ்வப்போது ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பூல் 80 சதவீதம் தாண்டினால் உங்களுக்கு ஒரு செய்தி வரும்படியும் செய்துகொள்ளுங்கள். நினைவகமும் அப்படித்தான்: இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை தன் கேஷுக்காக எடுத்துக்கொள்ளும் ரேமைக் கழிக்காமல் விஎம்களுக்குப் பங்கு போட்டால், நெருக்கடியில் லினக்ஸ் கெர்னல் ஏதாவது ஒரு விஎம்மின் ப்ராசஸைக் கொன்றுவிடும்.

ஒரே முகத்தோடு பத்துக் குளோன்கள்

டெம்ப்ளேட் (குளோன்கள், அதாவது நகல்கள் எடுப்பதற்கான மூல விஎம்) செய்யும்போது எனக்கு ஒரு முழு மாலை போனது. உபுண்டு சர்வரிலிருந்து இரண்டு குளோன்கள் எடுத்தேன். அவற்றின் நெட்வொர்க் கார்டுகளின் மேக் முகவரிகள் வேறு வேறு. ஆனாலும் ஐபி முகவரிகளைப் பங்கிடும் டிஎச்சிபி இரண்டுக்கும் ஒரே ஐபி முகவரியைத் தந்தது. ரவுட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் தவறு என் டெம்ப்ளேட்டில் இருந்தது. அங்கே நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிஸ்டம்டி நெட்வொர்க்டி தன்னை அடையாளம் காட்டுவது மேக் முகவரியால் அல்ல. மெஷின் ஐடி கோப்பிலிருந்து உருவாக்கிய ஓர் அடையாளத்தால். அந்தக் கோப்பு குளோன்களில் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தது.

டெம்ப்ளேட்டாக மாற்றும் முன் அந்தக் கோப்பைக் காலியாக்கிவிடுங்கள். கோப்பு இருக்கட்டும், உள்ளே எதுவும் வேண்டாம். அடுத்த பூட்டில் புதிது எழுதப்படும். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழையும்போது சர்வரை அடையாளம் காட்டும் ஹோஸ்ட் கீகளையும் நீக்க வேண்டும். இல்லையென்றால் எல்லாக் குளோன்களும் ஒரே கீயைப் பகிர்ந்துகொள்ளும். கிளவுட் இனிட் (புது விஎம்மை முதல் பூட்டில் அமைக்கும் கருவி) இருந்தால் ஒவ்வொரு புது விஎம்மிலும் கீகளை அதுவே உருவாக்கிவிடும்.

ஆட்டோமேஷனில் வரும் தவறுகள்

சர்வர்களைத் தானாக அமைக்கும் ஆன்சிபிள் கற்கும்போது ஷெல் கட்டளைகளை அப்படியே பிளேபுக்குக்குள் (அதன் வேலைப் பட்டியலுக்குள்) ஒட்டுவது எல்லாரும் செய்வதுதான். ஒரு அமைப்புக் கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்க்கும் கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று முறை ஓட்டினால் மூன்று வரிகள் சேரும். இதற்கென்றே இருக்கும் லைன்இன்ஃபைல் மாட்யூல், வரி ஏற்கெனவே இருந்தால் தொடாமல் விட்டுவிடும். பிளேபுக்கை அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டுங்கள். இரண்டாம் முறை மாற்றங்களின் எண்ணிக்கை பூஜ்யமாக வர வேண்டும். வராவிட்டால் அந்தப் பிளேபுக்கை இன்னும் நம்பாதீர்கள்.

விஎம்களைக் கோடு எழுதி உருவாக்கும் டெராஃபார்மில், அது செய்யப்போகும் மாற்றங்களைக் காட்டும் பிளானைப் படிக்காமல் 'எஸ்' அடிப்பதுதான் ஆபத்து. மாற்றம் என்று நீங்கள் நினைப்பது, அழித்துவிட்டு மறுபடி உருவாக்குவதாக இருக்கலாம். கழித்தலும் கூட்டலும் சேர்ந்த குறி ஒரு வரியின் முன் இருந்தால் கையை எடுத்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். தரவு இருக்கும் விஎம்களுக்கு அழிப்பதைத் தடுக்கும் ப்ரிவென்ட் டெஸ்ட்ராய் வரியை முதல் நாளே எழுதிவிடுங்கள். உருவாக்கியதை டெராஃபார்ம் குறித்து வைக்கும் ஸ்டேட் கோப்பில் கடவுச்சொற்கள் மறைக்கப்படாமல் கிடக்கும், அதை கிட்டில் (கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் கமிட்டாகச் சேமிக்கும் கருவியில்) ஏற்றக்கூடாது. தவறி ஏற்றிவிட்டால் அடுத்த கமிட்டில் அழிப்பது போதாது, பழைய கமிட்டுகளில் அது அப்படியே இருக்கும். கடவுச்சொல்லையே மாற்றுங்கள்.

இந்தக் கோடெல்லாம் எங்கே இருக்கிறது? லேபுக்குள் ஓடும் கிட் சர்வரில் மட்டும் என்றால், லேபைத் திரும்பக் கட்டும் வரைபடம் லேபோடு சேர்ந்து போகும். வெளியே ஒரு பிரதி கட்டாயம் வேண்டும்.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஹோஸ்டுகளை இணைத்த இரண்டு நோடு க்ளஸ்டரில் ஒன்று விழுந்தால் மற்றதுக்குப் பெரும்பான்மை வாக்கு இருக்காது. புது விஎம் எதையும் தொடங்க விடாது. கியூடிவைஸ் மூலம் மூன்றாவது வாக்கு ஒன்றை வேறொரு சின்னக் கருவியில் வையுங்கள். அடுத்தது, ப்ராக்ஸ்மாக்ஸின் நிர்வாகப் பக்கம் இருக்கும் 8006 போர்ட்டை ரவுட்டரில் இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள். வெளியிலிருந்து வர வயர்கார்டு விபிஎன் போதும்.

கடைசியாக, ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரில் பேக்கப்புகளை என்க்ரிப்ட் செய்பவர்கள் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். அவற்றைத் திறக்கும் கீ ஹோஸ்டில்தான் சேமிக்கப்படுகிறது. ஹோஸ்ட் போனால் கீயும் போகும், பேக்கப் முழுசாகக் கையில் இருந்தும் திறக்க முடியாது. அந்தக் கீயைக் காகிதத்தில் அச்சிட பேப்பர்கீ என்றே ஒரு கட்டளை இருக்கிறது. அச்சிட்டு, ஹோஸ்டின் ஐபி முகவரியையும் ரூட் கடவுச்சொல்லையும் அதன் பின்புறம் எழுதி, பத்திரமான இடத்தில் பூட்டி வையுங்கள்.