பறக்கும் தேனீயைப் படம் பிடித்தது எப்படி: என் அனுபவம்

துளசி பூத்துவிட்டால் எங்கள் தோட்டத்தில் காலையிலேயே தேனீக்கள் வந்துவிடும். பூவில் உட்கார்ந்த தேனீ கேமராவில் தெளிவாக விழுந்தது. பறக்கும்போது எடுத்தால் வெறும் மங்கல்தான். கேமரா தானாகவே குவியும் ஆட்டோஃபோகஸ் தேனீயை விட்டுவிட்டுப் பின்னாலிருக்கும் இலையைப் பிடித்துக்கொள்ளும்.

அதனால் ஆட்டோஃபோகஸை அணைத்தேன். துளசிக் கதிருக்கு ஓரிரு அங்குலம் முன்னால் ஃபோகஸை நிறுத்திவிட்டு, தேனீ அந்த இடத்துக்கு வரும்வரை காத்திருந்து, தொடர் ஷாட்டில் (ஒரே அழுத்தில் அடுத்தடுத்துப் பல படங்கள்) அழுத்தினேன். பெரும்பாலானவை வீண்தான், ஆனால் நடுவே ஒன்றிரண்டு கண் முதல் கால் வரை கூர்மையாக அமைந்தன!

ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/3200 நொடி, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600. தேனீ நொடிக்குச் சுமார் 230 முறை சிறகடிப்பதால் இந்த வேகத்திலும் சிறகின் நுனி லேசாகக் கலங்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது. முழுக்க உறைந்த சிறகு பறப்பது போலவே தெரிவதில்லை.

முதலில் முயல நீலப்பட்டைத் தேனீயே நல்லது. பூவுக்குள் நுழையுமுன் நாக்கை நீட்டியபடி ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். அப்புறம், வெயில் ஏறுமுன் போங்கள். குளிர்ந்த உடம்போடு அவை கொஞ்சம் மெதுவாகத்தான் கிளம்பும்.