பட்ஜெட் கேமிங் பிசி: கொட்டேஷனில் கடைசி வரியை முதலில் படியுங்கள்

கேமிங் பிசி போடப்போகும் தம்பிகள் வாட்ஸ்அப்பில் கொட்டேஷனை அனுப்பி, "அண்ணா, இது ஓகேவா?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஏதோ ஒரு கடையில் எழுதிக் கொடுத்த சீட்டாக இருக்கும். முதல் வரியில் ப்ராசஸர், மாடல் நம்பரோடு. அடுத்து கிராஃபிக்ஸ் கார்டு. ரேம், எஸ்எஸ்டி என்று எல்லாவற்றுக்கும் கம்பெனி பெயர் இருக்கும். கடைசி வரியில் மட்டும் "கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்". எஸ்எம்பிஎஸ் என்றால் மெஷினின் எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி. அதற்குக் கம்பெனியும் கிடையாது, மாடலும் கிடையாது. நான் முதன்முதலில் மெஷின் போட்டபோது கையில் வாங்கிய சீட்டிலும் கடைசி வரி இப்படித்தான் இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் அது மாறாமல் வந்துகொண்டிருக்கிறது.

சாக்கெட் பொருந்துமா, டிடிஆர்4 மதர்போர்டில் டிடிஆர்5 ரேம் ஏறுமா என்பதையெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. பொருந்தாததைக் கடைக்காரரே கொடுக்க மாட்டார். பொருந்தும், ஆன் ஆகும், ஆனாலும் பணம் போகும். அந்த மாதிரித் தவறுகளைத்தான் சொல்கிறேன்.

## பெயரில்லாத எஸ்எம்பிஎஸ்

செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் தன் மெஷினைப் பைக்கில் வைத்துக்கொண்டு வந்தார். ரைசன் 5 5600, ஆர்எக்ஸ் 6600, 16 ஜிபி ரேம். 1080பி-யில் ஆட அருமையான ஜோடி. யூடியூப் பார்க்கும்வரை ஒன்றும் ஆகாது. கேமைத் திறந்து கொஞ்ச நேரத்தில் பட்டென்று அணைந்து ரீஸ்டார்ட் ஆகும். வாங்கிய கடையில் விண்டோஸை அழித்துப் போட்டார்கள். ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினார்கள். கடைசியில் கிராஃபிக்ஸ் கார்டில்தான் கோளாறு என்று சொல்லி வாரண்டிக்கு அனுப்ப, அது எந்தக் கோளாறும் இல்லை என்று திரும்பி வந்தது. அதற்குள் ஒரு செமஸ்டர் லீவே முடிந்துவிட்டது.

விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் வரிசையாக 'கெர்னல்-பவர் 41'. இதை மட்டும் வைத்து எஸ்எம்பிஎஸ்தான் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. முறையாக ஷட் டவுன் ஆகாமல் மெஷின் நின்றுபோனது என்பதுதான் அதன் பொருள். ஆனால் ப்ளூ ஸ்கிரீனே வராமல், லோடு ஏறும்போது மட்டும் இப்படி ஆனால் முதலில் பவரைத்தான் பார்க்க வேண்டும். கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். கார்டுக்குப் போக வேண்டிய 8 பின் ஒயரே அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்குகளுக்குப் போகும் மோலெக்ஸ் ஒயர் இரண்டைச் சேர்த்து ஒரு கன்வெர்ட்டர் போட்டு இழுத்திருந்தார்கள். மஞ்சள் ஒயர் நுழையும் இடத்தில் வெள்ளை கனெக்டர் பழுப்பேறி, பிளாஸ்டிக் இளகிப் பின்னோடு ஒட்டிக்கிடந்தது. கையால் இழுத்தால் வரவில்லை.

லேபிளில் மேலே பெரிய எழுத்தில் 500 வாட். கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம். அதில் +12 வோல்ட்டுக்கு நேரே 14 ஆம்பியர். 12-ஐ 14-ஆல் பெருக்கினால் 168 வாட். அவ்வளவுதான் அதன் உண்மையான பலம். 5600 முழு லோடில் 76 வாட் வரை எடுக்கும். ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட். இரண்டும் சேர்ந்தே 208 ஆகிவிட்டது. போர்டு, எஸ்எஸ்டி, ஃபேன்களை இன்னும் சேர்க்கவில்லை. மிச்ச வாட்டெல்லாம் 3.3, 5 வோல்ட் வரிசைகளில் கணக்குக் காட்டப்பட்டிருந்தது. பழைய காலத்து மெஷின்கள் 5 வோல்ட்டில் நிறைய இழுத்தன. இன்றைக்கு ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுக்க 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன.

"இது எவ்வளவுக்கு வாங்கினே தம்பி?"

"கேபினெட்டோட ஃப்ரீண்ணா."

இதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. அந்தக் கார்டுக்கு 8 பின் வேண்டும் என்பது கடைக்காரருக்குத் தெரியும். தெரிந்துதான் கன்வெர்ட்டரைத் தேடி எடுத்து மாட்டியிருக்கிறார். 50,000 ரூபாய் மெஷினில் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கூடுதலாக ஆகியிருக்கும் செலவு இரண்டாயிரம், மிஞ்சினால் மூவாயிரம். அதைச் சொன்னால் கொட்டேஷன் தொகை ஏறும், பையன் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவான் என்ற பயம். பையனுக்கோ ப்ராசஸரைப் பற்றி அரை மணி நேரம் பேசத் தெரியும். இந்தப் பெட்டியைப் பற்றி யாரும் சொல்லித் தந்ததில்லை.

அந்த மாணவருக்கு எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றியதோடு சரியாகிவிட்டது. எல்லோருக்கும் அப்படி முடிவதில்லை. ஓவர் வோல்டேஜ், ஓவர் கரண்ட், ஷார்ட் சர்க்யூட் ஆகியவற்றுக்கான பாதுகாப்புகளை மலிவு யூனிட்டில் லேபிளில் மட்டும் அச்சடித்திருப்பார்கள், உள்ளே இருக்காது. அது சாகும்போது போர்டையும் எஸ்எஸ்டியையும் சேர்த்துக் கொண்டுபோகும். கருகிய போர்டை வாரண்டியில் எடுக்கவும் மாட்டார்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது இதுதான். பெட்டியைத் திருப்பி லேபிளில் 12 வோல்ட் கட்டத்தைப் படியுங்கள். உண்மையான 450 வாட் யூனிட்டில் அது 35 ஆம்பியரை ஒட்டி இருக்கும். 12வி1, 12வி2 என்று இரண்டாகப் பிரித்திருந்தால் இரண்டையும் நீங்களாகக் கூட்டாதீர்கள். இரண்டுக்கும் சேர்த்து எத்தனை வாட் என்று தனியாகப் போட்டிருப்பார்கள், அதுதான் கணக்கு. பின்பக்கம் 115/230 என்று சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் பழைய டிசைன், கீழே வைத்துவிடுங்கள். கார்டுக்கான 6+2 பின் ஒயர் (சேர்த்தால் 8 பின்) யூனிட்டிலிருந்தே வர வேண்டும். மூன்று வருடமாவது வாரண்டி இருக்க வேண்டும். 80 ப்ளஸ் ப்ரான்ஸ் (Bronze) என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று மட்டுமே. பாதுகாப்புக்கு அது உத்தரவாதம் ஆகாது. ஆனாலும் அந்தச் சான்றை முறையாக வாங்கிய யூனிட்டில் லேபிள் புளுகு இருக்க வாய்ப்புக் குறைவு.

இதைக் கேட்டுப் பயந்துபோய் 750 வாட் 80 ப்ளஸ் கோல்டு வாங்கவும் வேண்டாம். ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 வகைக் கார்டுகளுக்கு 450-லிருந்து 550 வாட் வரை நல்ல யூனிட் போதும். மிச்சப் பணம் கார்டுக்குப் போகட்டும்.

ஒயர்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் வாங்கினால் ஒரு எச்சரிக்கை. நண்பனிடமிருக்கும் வேறு கம்பெனி ஒயரை வாங்கிச் செருகாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிளக் பொருந்தும், ஹார்ட் டிஸ்க் போய்விடும்.

கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? அதற்கு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸைத் திட்டாதீர்கள். அதன் ஃபில்டரில் லைனுக்கும் எர்த்துக்கும் இடையே சின்னக் கெபாசிட்டர்கள் உண்டு. வீட்டில் எர்த் சரியில்லை என்றாலோ, த்ரீ பின்னை டூ பின்னாக்கும் கன்வெர்ட்டர் போட்டிருந்தாலோ அந்த லேசான கசிவு கேபினெட் தகட்டில் வந்து நிற்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய விஷயம் இது. யூபிஎஸ்ஸிலும் பெட்டியில் போட்டிருக்கும் விஏ (VA) எண்ணை வாட் என்று எண்ணிவிடாதீர்கள். வீட்டு உபயோக 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். மானிட்டரும் அதற்குள் அடங்க வேண்டும்.

## ஒரே பெயர், வேறு கார்டு

கிராஃபிக்ஸ் கார்டு பெயரின் பாதியை மட்டும் படித்துவிட்டுப் பணம் கட்டுகிறார்கள். ஆர்டிஎக்ஸ் 3050 என்று கேட்டால் 8 ஜிபியும் உண்டு, 2024-ல் வந்த 6 ஜிபியும் உண்டு. வேறுபாடு மெமரியில் மட்டும் என்று நினைப்பீர்கள். 8 ஜிபியில் 2560 கோர், 6 ஜிபியில் 2304. மெமரிக்குப் போகும் பாதையான மெமரி பஸ்ஸும் 128 பிட்டிலிருந்து 96 ஆகக் குறைந்திருக்கிறது. 6 ஜிபி கார்டு 70 வாட்டிலேயே ஓடும், தனி பவர் ஒயர் தேவைப்படாது என்பது நல்ல விஷயம். பழைய ஆபீஸ் மெஷினில் போட அதுதான் சரி. ஆனால் 8 ஜிபியின் விமர்சனத்தைப் பார்த்துவிட்டு 6 ஜிபியை வாங்கினால் ஏமாற்றம்தான்.

ஜிடி 1030 இன்னும் மோசம். ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்ததில் பேண்ட்விட்த், அதாவது மெமரியில் தரவு போய்வரும் வேகம், விநாடிக்கு 48 ஜிபி. பிறகு அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு ஒன்றை இறக்கினார்கள், அதில் 16.8 ஜிபி. மூன்றில் ஒரு பங்குதான். பெட்டியில் மெமரி வகையைப் படித்தால் மட்டுமே தெரியும்.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யில் வேறு சிக்கல். கார்டும் ப்ராசஸரும் தரவு பரிமாறும் பிசிஐஇ பாதையில் நான்கே லேனில் ஓடும் கார்டு அது, மெமரியும் 4 ஜிபிதான். பிசிஐஇ 4.0 போர்டில் ஓரளவு சமாளிக்கும். 3.0-வில் போட்டால் பாதை பாதியாகிவிடும். மெமரி நிரம்பியதும் கேம் திக்கித் திக்கி ஓடும். ரைசன் 5 5500, 5600ஜி இரண்டும் 3.0 ப்ராசஸர்கள் என்பதால் போர்டு புதிதாக இருந்தும் பயனில்லை. காசு குறைவு என்று பலர் போடும் ஜோடியே இதுதான்.

## ஒற்றை ரேம்

16 ஜிபி ஒன்றாகப் போடாமல் 8 ஜிபி இரண்டாகப் போடுங்கள், இரண்டும் சேர்ந்து ஓடினால்தான் ரேமின் முழு வேகம் கிடைக்கும். "அப்புறமா இன்னொண்ணு போட்டுக்கலாம்ணா" என்பார்கள். பெரும்பாலும் போட மாட்டார்கள். தனிக் கார்டு இல்லாமல் 5600ஜி மாதிரி ப்ராசஸரின் உள் கிராஃபிக்ஸிலேயே ஆடுகிறவர்களுக்கு இது உயிர்நாடி, ஏனென்றால் அதற்கு வீடியோ மெமரியும் இதே ரேம்தான். நான்கு ஸ்லாட் போர்டென்றால் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்டுங்கள்.

மெஷின் ஆன் ஆகும்போது திறக்கும் பயாஸ் செட்டிங்கில் எக்ஸ்எம்பி (ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓடவைப்பது) ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் நீங்கள் வாங்கிய 3200 ரேம் 2133-லோ 2400-லோ சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

## "ஐ5 கேமிங் பிசி, 15,000 மட்டுமே"

ஐ5 என்று மட்டும் சொன்னால் எந்த ஐ5 என்று கேளுங்கள். கண்ணாடிக் கேபினெட்டுக்குள் கலர் கலராக ஃபேன் சுற்றும். உள்ளே பழைய எச்61 போர்டில் 2011-ல் வந்த இரண்டாம் தலைமுறை ஐ5 2400-ஓ 2012-ல் வந்த மூன்றாம் தலைமுறை ஐ5 3470-ஓ உட்கார்ந்திருக்கும். சில புதிய கேம்கள் கேட்கும் ஏவிஎக்ஸ்2 என்ற ப்ராசஸர் வசதி இன்டெலில் நான்காம் தலைமுறையில்தான் வந்தது. விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வ ஆதரவு எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் முடித்துவிட்டது. விண்டோஸ் 11-ல் வேலரன்ட் கேம் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் கட்டாயம். இந்த மெஷினில் குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றினாலும், பையன் எந்த கேமுக்காக வாங்கினானோ அது திறக்காது.

செகண்ட் ஹேண்டே தவறு என்று சொல்லவில்லை. எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட ஆபீஸ் மெஷினை வாங்கி, பவர் ஒயர் கேட்காத ஒரு கார்டைப் போட்டால் காசுக்கேற்ற நல்ல மெஷின். வாங்குமுன் அந்தக் கேபினெட் முழு உயரக் கார்டை ஏற்குமா என்று டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

## எஃப்

ப்ராசஸர் பெயர் இன்டெலில் எஃப் என்று முடிந்தால் உள் கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. ரைசன் 5 5600-ம் அப்படித்தான்.

## தெர்மல் பேஸ்ட்

ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே பூசுவது இது. ப்ராசஸர் பெட்டியோடு வரும் கூலரில் ஏற்கெனவே பூசியிருக்கும்.

## ஆர்ஜிபி

கலர் விளக்குகள். பணம் மிஞ்சினால்.

## பில்

"ஜிஎஸ்டி வேண்டாம்னா கம்மியா போட்டுத் தர்றேன்" என்பார்கள். 18 சதவீதம் மிச்சம் என்று தோன்றும். கார்டு போனால் சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பதே பில்தான். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். கடையை விட்டு இறங்குமுன் பெட்டியில் இருப்பதையும் பாகத்தில் ஒட்டியிருப்பதையும் பில்லோடு ஒத்துப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் தனி வரி, தனி நம்பர் கேட்டு வாங்குங்கள்.