லீவில் பாண்டிச்சேரிக்கு ஒரு ராத்திரி: குடும்பத்தோடு காரில் போய்வர

நாங்கள் இருப்பது மஸ்கட்டில். லீவுக்கு வந்தால் வேளச்சேரியில் அப்பா அம்மா வீடு. காலேஜ் நண்பன் பாண்டிச்சேரியில், லாஸ்பேட்டையில் இருக்கிறான். மூன்று வருஷமாக ஒவ்வொரு லீவிலும் ஒரு ராத்திரி அவன் வீட்டில் தங்கிவிட்டு வருகிறோம். முதல் தடவை செய்யக்கூடிய தப்பையெல்லாம் செய்தோம், அதனால்தான் இதை எழுத முடிகிறது.

முதல் தடவை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். காலையில் எட்டரைக்குக் கிளம்பினோம். போகிற வழிதானே என்று முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா, அப்புறம் முதலைப் பண்ணை, அப்புறம் மாமல்லபுரம், நடுவில் இளநீர், பஜ்ஜி. நண்பன் வீட்டுக்குள் நுழைந்தபோது மணி மூன்றே முக்கால். டைனிங் டேபிளில் கழுவி வைத்திருந்த வாழை இலைகள் ஓரம் சுருண்டு கிடந்தன. நண்பனின் அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார், "பரவாயில்லப்பா, பசிக்கல" என்று வேறு சொன்னார். குழந்தைகள் வந்ததும் தூங்கிவிட்டார்கள். ஆக, நண்பரைப் பார்க்கப் போகிறீர்களா, ஊர் பார்க்கப் போகிறீர்களா என்பதை முதலில் முடிவு பண்ணிவிடுங்கள். நண்பரைப் பார்க்கத்தான் என்றால் வழியில் ஒரே ஒரு இடத்தில்தான் நிறுத்தம்.

நாள் விஷயத்தில் யோசிக்க ஒன்றுமில்லை. சனி, ஞாயிறு வேண்டாம். சென்னையே அன்றைக்குப் பாண்டிக்குக் கிளம்பும், ஞாயிறு சாயங்காலம் அத்தனை வண்டியும் ஒன்றாகத் திரும்பும். நீங்கள்தான் லீவில் இருக்கிறீர்களே, நண்பர் ஒரு நாள் லீவு போட முடிந்தால் செவ்வாய் போய் புதன் வாருங்கள்.

அடுத்தது வண்டி. நிறைய பேருக்கு அப்பாவின் கார்தான். வருஷம் முழுக்கக் கோயிலுக்கும் டாக்டர் வீட்டுக்கும் மட்டும் போய்வந்த வண்டியை அப்படியே எடுத்துக்கொண்டு ஹைவேயில் ஏறாதீர்கள். இரண்டு நாள் முன்னாடியே தெருமுனை மெக்கானிக்கிடம் விட்டு பேட்டரி, பிரேக், கூலன்ட் பார்க்கச் சொல்லுங்கள். டயரைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள், பட்டன் (தரையில் படுகிற மேல் வரி) நன்றாக இருந்தாலும் வெயிலில் நின்று நின்று பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருக்கும். ஃபாஸ்டேக்கில் காசு இருக்கிறதா, ஆர்சி, இன்சூரன்ஸ், பொல்யூஷன் சர்டிஃபிகேட் எல்லாம் நடப்பில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இதெல்லாம் டிஜிலாக்கரில் இருந்தால் போதும் என்பது உண்மைதான், ஆனால் அது அப்பாவின் போனில் இருக்கும், அப்பா வீட்டில் இருப்பார்.

வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டுவதாக இருந்தால் கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து உள்ள வண்டியை மட்டும் எடுங்கள். தெரிந்தவரின் வெள்ளை போர்டு வண்டியை, அதாவது சொந்த உபயோகத்துக்கான வண்டியை, நாள் வாடகைக்கு எடுத்து அது எங்காவது இடித்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார். மஞ்சள் போர்டு டாக்ஸி என்றால் பாண்டிச்சேரி பெர்மிட் காசு வாடகையில் சேர்த்தியா, தனியா என்று முன்கூட்டியே கேளுங்கள். பாண்டி யூனியன் பிரதேசம் என்பது எல்லைக்குப் போன பிறகுதான் பலருக்கு ஞாபகம் வருகிறது.

யார் ஓட்டுவது? என்னைக் கேட்டால் முதல் தடவை ஆக்டிங் டிரைவர்தான், நம் வண்டியை ஓட்ட நாள் சம்பளத்துக்கு வருகிறவர். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் பதினைந்து வருஷமாக ஓட்டுகிறவன்தான். மஸ்கட்டில் சாலையின் வலது பக்கம் போவோம், ஸ்டியரிங் இடது பக்கம், இண்டிகேட்டரும் இடது கையில். இங்கே அப்பாவின் மாருதியில் இண்டிகேட்டர் வலது கையில். விஜயநகர் சிக்னலில் திரும்பும்போதெல்லாம் சுட்டெரிக்கிற வெயிலில் என் வைப்பர் கிறீச் கிறீச் என்று ஓடியது, பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் வானத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கை பழக நாலைந்து நாள் ஆகும். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனால் எதிர்த்திசையில் ஓரமாக வரும் பைக்கும் சாயங்காலம் ரோட்டில் படுத்திருக்கும் மாடும் எல்லோருக்கும் பொதுதான்.

நானேதான் ஓட்டுவேன் என்றால் லைசென்ஸைப் பாருங்கள். இந்திய லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருஷம் தாண்டிவிட்டால் புதுப்பிக்க மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும், அது லீவில் நடக்கிற காரியமில்லை. வெளிநாட்டு லைசென்ஸ் மட்டும் இருக்கிறவர்கள் அங்கேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

குழந்தைகளுக்கு சீட் பெல்ட். 14 வயதுக்குள் இருந்தால் பெல்ட்டோ குழந்தை சீட்டோ கட்டாயம், இல்லாவிட்டால் 1000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் இங்கே நிறைய வண்டிகளில் பின்சீட் பெல்ட்டின் பக்கிளைக் காணவே முடியாது, சீட் கவருக்கு அடியில் புதைந்திருக்கும். முந்தின நாளே கையை விட்டுத் தோண்டி எடுத்து வையுங்கள். எனக்கு இரண்டு பக்கிளோடு ஒரு முறுக்குத் துண்டும் அம்மா தொலைத்த சேஃப்டி பின்னும் கிடைத்தன.

இப்போது வழி. வேளச்சேரியிலிருந்து மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போய், ஓஎம்ஆரை (பழைய மாமல்லபுரம் சாலை) குறுக்கே தாண்டி நேரே அக்கரையில் ஈசிஆரை (கிழக்குக் கடற்கரைச் சாலை) பிடித்துவிடலாம், திருவான்மியூர், நீலாங்கரை நெரிசலே கிடையாது. காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுவிடுங்கள். உத்தண்டி டோல், முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம், கடப்பாக்கம், மரக்காணம், காலாப்பட்டு. மொத்தம் சுமார் 150 கிலோமீட்டர், குழந்தைகளோடு நிதானமாக மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே நாலுவழிச் சாலை போடுவதால் திடீர் திடீரென்று டைவர்ஷன் வரும், இருட்டில் அந்தப் பக்கம் ஓட்ட வேண்டாம். தாம்பரம், குரோம்பேட்டைக்காரர்கள் ஜிஎஸ்டி ரோட்டில் திண்டிவனம் போய்த் திரும்பலாம், கடல் மட்டும் தெரியாது.

அந்த ஒரே நிறுத்தம் எது என்பது உங்கள் இஷ்டம். மாமல்லபுரம் என்றால் வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டும், பத்து மணிக்கு மேல் பாறையில் கால் வைக்க முடியாது. தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை. ஆலம்பரைக் கோட்டை அமைதியான இடம், தண்ணீர் பாட்டிலோடு போங்கள். நாங்கள் இப்போதெல்லாம் நிறுத்துவது மரக்காணம் உப்பளத்தில். ரோட்டோரத்திலேயே பாத்தி பாத்தியாகத் தெரியும், ஜூலையில் குவியல் குவியலாக வெள்ளையாக இருக்கும். வேலை செய்துகொண்டிருந்த அம்மா ஒருவர் எங்கள் சின்னவள் கையில் ஒரு பிடி கல்லுப்பை வைத்தார். அவள் நக்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது நிஜமாவே உப்பு" என்று கத்தினாள். அதுவரைக்கும் பாக்கெட்டில் விளைகிறது என்று நினைத்திருந்தாள் போல. அங்கே பத்து நிமிஷம் போதும், டிக்கெட்டும் கிடையாது.

காசு விஷயம்: ஓமன், துபாய், சிங்கப்பூர் நம்பர் இருந்தாலும் என்ஆர்ஐ கணக்கில் யுபிஐ வைத்துக்கொள்ளலாம், ஊருக்கு வருவதற்கு முன்பே பேங்க்கில் செய்துவிடுங்கள். ஆனாலும் பத்து, இருபது நோட்டாகக் கொஞ்சம் கையில் வேண்டும்.

நண்பர் வீட்டுக்கு வருவோம். எத்தனை பேர் என்று சொல்லும்போது டிரைவரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் ராத்திரி எங்கே படுப்பார் என்பதையும் கேட்டுவிடுங்கள், பேட்டா கொடுத்துவிட்டோம் என்று அவரைக் காருக்குள் தூங்க விடுவது நன்றாக இல்லை. வெறும் கையோடு போகாதீர்கள், நாங்கள் ஓமன் அல்வா கொண்டுபோவோம். இன்னொன்று, "இங்க ஏசி இல்லையா?" என்று சத்தமாகக் கேட்கக்கூடாது என்று குழந்தைகளுக்கு வண்டியிலேயே சொல்லி வையுங்கள். பெரியவர்களுக்கும்தான், ஒவ்வொரு பேச்சுக்கும் "எங்க மஸ்கட்ல" என்று ஆரம்பிக்காதீர்கள், என் மனைவி மூன்று தடவை என் காலை மிதித்திருக்கிறாள். சாயங்காலம் பீச் ரோட்டுக்கு நடந்து போங்கள், ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை அங்கே வண்டி விடமாட்டார்கள், குழந்தைகளை ஓட விட்டுவிட்டு நிம்மதியாகப் பேசலாம்.

திரும்பும்போது பாண்டியில் விலை குறைவு என்று பாட்டில் எதுவும் ஏற்ற வேண்டாம், சோதனைச் சாவடியில் டிக்கியைத் திறந்து பார்ப்பார்கள். டிக்கியில் இடம் எப்படியும் தேவைப்படும், ஏனென்றால் நண்பனின் அம்மா வடகம், மாவடு, ஊறுகாய் எல்லாம் கட்டிக் கொடுப்பார். ஊறுகாய் ஜாடியை மட்டும் டிக்கியில் வைக்காமல் முன்சீட்டில் காலடியில் நிறுத்தி வையுங்கள். கடப்பாக்கம் டைவர்ஷன் பள்ளத்தில் எண்ணெய் கசிந்தால் அடுத்த லீவு வரைக்கும் அப்பா போனில் சொல்லிக் காட்டுவார்.