உறுப்பு தானம்: வீட்டில் பேசி வைப்பது எப்படி

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து லாபிஸ் பக்கம் எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) மரண சகாய நிதிச் செயலாளர் நான். சாவு விழுந்த வீட்டுக்கு வேன், கூடாரம், மேளம், சுடுகாட்டுப் பெர்மிட் எல்லாம் என் பொறுப்பு. அதனால் உறுப்பு தானத்துக்கு என்ன செய்யணும் என்று கேட்பவர்களும் என்னிடமே வருகிறார்கள். பதிவு செய்வது சின்ன வேலை. வீட்டில் சொல்லி வைப்பதுதான் பெரிய வேலை.

சின்னதை முதலில் முடித்துவிடுவோம். கோவிட் காலத்தில் எல்லாரும் இறக்கி வைத்த மைசெஜாத்ரா செயலியிலேயே உறுப்பு தான உறுதிமொழிக்கு ஒரு பகுதி இருக்கிறது. எல்லா உறுப்புகளையும் கொடுக்கலாம், அல்லது சிறுநீரகம், கண் என்று வேண்டியதை மட்டும் குறிக்கலாம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் தேவை. அவ்வளவுதான்.

அப்புறம் வருவதுதான் சிக்கல். மலேசியாவில் இதற்கு 1974ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டம் இருக்கிறது. தானம் செய்ய விரும்புவதை எழுதி வைக்கலாம், அல்லது கடைசி நோயில் இரண்டு சாட்சிகள் முன்னால் வாயால் சொல்லலாம். ஆனால் நீங்கள் எதைப் பதிந்திருந்தாலும், நடைமுறையில் மருத்துவமனை உங்கள் குடும்பத்தைத்தான் கேட்கும். குடும்பம் வேண்டாம் என்றால் எடுக்க மாட்டார்கள். நம் குடும்பங்களில் அந்தப் பதிலைச் சொல்வது மனைவியோ மகனோ கிடையாது. பெரியப்பாவோ தாய்மாமனோ, சில வீட்டில் சிரம்பானிலிருந்து போனில் கத்தும் அத்தையோதான். உங்கள் வீட்டில் அந்த ஆள் யார் என்று இப்போதே கண்டுபிடியுங்கள். அவரிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். மனைவிக்கு மட்டும் சொல்லிவைத்தால் அந்த நேரத்தில் அவள் குரல் எடுபடாது.

எப்போது சொல்வது? சும்மா இருக்கும்போது சாவுப் பேச்சை எடுத்தால் “வாயைக் கழுவு” என்பார்கள். கருமாதி வீட்டில் மட்டும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டு சுற்றி வரும் நேரம் பாருங்கள். இறந்தவரைப் பற்றிய பேச்சு ஓய்ந்து, பெரியவர்கள் நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்போது சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள்: “மாமா, எனக்கு அப்படி ஒன்னு ஆச்சுன்னா, ஆஸ்பத்திரியில உங்களக் கேப்பாங்க. சரின்னு சொல்லிடுங்க. நான் ஏற்கனவே எழுதிக் கொடுத்துட்டேன்.” காரண காரியமெல்லாம் அவர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

கேட்பார். கண்ணைக் கொடுத்த கண்ணப்பர் கதையைச் சிலர் எடுத்துவிடுவார்கள். என் அனுபவத்தில் அது எடுபட்டதில்லை. சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வியே “உடம்பு எப்போ வீட்டுக்கு வரும்?” என்பதுதான். உறுப்பு எடுப்பது அறுவை சிகிச்சை, சில மணி நேரம் ஆகும். முடிந்ததும் தையல் போட்டுத் தருவார்கள். குளிப்பாட்டலாம், வேட்டி கட்டலாம், வாய்க்கரிசி போடலாம். கருவிழி எடுத்தாலும் இமை மூடியே இருக்கும், முகம் மாறாது. மோட்டார் விபத்து என்றால் எப்படியும் போலீஸ் கேஸ். தானம் கொடுக்காவிட்டாலும் அந்தக் காத்திருப்பு இருக்கத்தான் செய்யும். இதைச் சொன்னால் பாதிப் பேர் அமைதியாகிவிடுவார்கள்.

இன்னொரு பயம் மூளைச்சாவு, அதாவது மூளை இனித் திரும்பாதபடி முழுசாக நின்றுபோவது. தலையில் அடிபட்டவர் ஐ.சி.யூ. படுக்கையில் கிடப்பார். மிஷின் காற்றைத் தள்ளத் தள்ள நெஞ்சு ஏறி இறங்கும், கையைத் தொட்டால் சூடாக இருக்கும். அவர் இறந்துவிட்டார் என்றால் எந்த அம்மா நம்புவாள்? அதனால் இதையும் முன்கூட்டியே விளக்கி வையுங்கள். மூளைச்சாவை இரண்டு நிபுணர்கள் பரிசோதித்து உறுதி செய்ய வேண்டும். உறுப்பு மாற்றும் குழுவில் இருப்பவர்கள் அதைச் செய்யக்கூடாது. கோமா வேறு, இது வேறு. வீட்டில் சாதாரணமாக இறந்தவரிடமிருந்துகூட, சில மணி நேரத்துக்குள் சொன்னால், கருவிழியை எடுக்க முடியும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, சட்டத்தையே மாற்றிவிடலாமே, மறுத்து எழுதாதவர் எல்லாரும் சம்மதித்தவர்தான் என்று வைத்துவிடலாமே என்று படித்த பிள்ளைகள் சொல்கிறார்கள். ஸ்பெயினில் 1979லிருந்தே அப்படித்தான் சட்டம். ஆனால் அங்கேயும் குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. கேட்பதற்கென்றே பயிற்சி பெற்ற ஆட்களை மருத்துவமனைகளில் வைத்ததுதான் அவர்களை முன்னால் கொண்டுவந்தது என்பார்கள். என் கணக்கும் அதுதான். ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி, இந்தத் தாமானுக்கு வந்து சேர்ந்த கிழவியிடம் யாருமே தமிழில் எடுத்துச் சொன்னதில்லை. அவள் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. முதலில் கேட்கட்டும், அதுவும் அவளுக்குப் புரிகிற மொழியில்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஜொகூர்க்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் உங்கள் பிள்ளை பி.ஆர். (நிரந்தரவாசம்) வாங்கிவிட்டானா? 21 வயது ஆகியிருந்தால் அங்குள்ள சட்டம் அவனுக்கும் உண்டு. 1987இல் சிறுநீரகத்துக்காக வந்த சட்டம் அது. 2004இல் கல்லீரல், இதயம், கருவிழியும் சேர்ந்தன. 2008இல் முஸ்லிம்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள். அங்கே வேண்டாம் என்பவர்தான் படிவம் நிரப்ப வேண்டும். அப்படி நிரப்பியவருக்குப் பிற்பாடு உறுப்பு தேவைப்பட்டால் வரிசையில் பின்தள்ளப்படுவார். வெறும் வேலை பெர்மிட்டில் தினமும் பாலம் தாண்டிப் போய் வருகிறவனுக்கு இது பொருந்தாது. பி.ஆர். வாங்கிய பிள்ளை என்ன முடிவு எடுத்திருக்கிறான் என்று அடுத்த தடவை வரும்போது கேட்டுவிடுங்கள். அங்கிருந்து போன் வரும்போது கேள்விப்படுவது நல்லதல்ல.

மனம் மாறினால் இங்கே உறுதிமொழியை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். ரத்து செய்தால் அதையும் மாமாவிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர் பழைய பேச்சையே பிடித்துக்கொண்டு நிற்பார்.