மலைக்கதையை அட்டையில் பிரித்து அடுக்குவது எப்படி?

நீலகிரியில் கதை சேகரிக்கப் போகும் மாணவர்கள் பலரும் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. ஒரே கதைக்கு மூன்று வடிவம் கிடைத்ததும், எது அசல் என்று தேடத் தொடங்கிவிடுவார்கள். பிரெஞ்சு மானிடவியலாளர் கிளாட் லெவி-ஸ்ட்ராஸ் (1908–2009) தொன்மங்களின், அதாவது தெய்வம், படைப்பு பற்றிய பழங்கதைகளின், அமைப்பு பற்றி 1955-இல் எழுதிய கட்டுரை இந்தத் தேடலையே வேண்டாம் என்கிறது. கிடைத்த வடிவங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் தொன்மம் என்பது அவர் கட்சி. அதற்கு அவர் காட்டிய வழி எளியது: அட்டை, எண், மேசை.

கோடு போட்ட 3×5 அங்குல அட்டை 100 வாங்குங்கள். ஒரு வடிவத்துக்கு 15 முதல் 30 வரை ஆகும். பேனா வேண்டாம், பென்சில் போதும்; மலை ஈரத்தில் மை ஊறிவிடும். ஒலிப்பதிவுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை வசதி. தென்மேற்குப் பருவத்தில் குந்தா, கூடலூர் பக்கமும், ஐப்பசி கார்த்திகையில் கோத்தகிரி, குன்னூர் பக்கமும் போனால், தகரக் கூரையில் விழும் மழைச் சத்தம்தான் பதிவாகும். எதைப் பதியலாம், எதைப் பதியக்கூடாது என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எருமை வளர்க்கும் நீலகிரிப் பழங்குடியினரான தோடரின் குடியிருப்புக்கு, அதாவது மந்துக்குப் போனால், புனித எருமைகளின் பால் பேணப்படும் பால்மனைக் கோயிலுக்கு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதையும் கேளுங்கள்.

கதை நடுவில் "ஏன்?" என்று கேட்காதீர்கள். சொல்பவர் உங்களுக்காக ஒரு விளக்கம் சொல்வார், அதுவும் கதையோடு கலந்துவிடும். முடிந்த பிறகு, "இதை வேறு மாதிரி சொல்பவர்கள் இருக்கிறார்களா?" என்பது போதும்.

இனி அட்டை. ஓர் அட்டையில் ஓர் உறவு மட்டும்: யார், யாருக்கு, என்ன செய்தார். வருணனை வேண்டாம். மூலையில் வடிவத்துக்கு ஓர் எழுத்தும் வரிசை எண்ணும். ஆங்கில மானிடவியலாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட தோடர் நூலில் உள்ள படைப்புக் கதையைப் பிரித்தால் இப்படி வரும்:

அ1 – ஓன் என்ற தெய்வம் இரும்புக் கம்பியின் ஒரு முனையில் நின்று, மண்ணிலிருந்து 1600 எருமைகளை வரவழைக்கிறது.
அ2 – அவர் மனைவி மறுமுனையில் நின்று 1800 எருமைகளை வரவழைக்கிறார்.
அ3 – ஓன் வரவழைத்த கடைசி எருமையின் வாலைப் பிடித்தபடி முதல் தோடர் வருகிறார்.
அ4 – அவருடைய வலப்பக்க விலா எலும்பிலிருந்து முதல் பெண்.
அ5 – ஓனின் எருமைகள் புனிதமானவை, மனைவியுடையவை சாதாரணமானவை.

இன்னொரு வடிவத்தில் தெய்கிர்ஷி என்ற பெண்தெய்வம் பிரம்பால் நிலத்தைத் தட்டத் தட்ட எருமைகள் எழுகின்றன. அங்கேயும் மனிதன் வால் பிடித்துத்தான் வருகிறான். இதை ஆ1, ஆ2 என்று எழுதி, முதல் வரிசைக்குக் கீழே, ஒத்தது ஒத்ததன் அடியில் வரும்படி வையுங்கள். நிரையாக, இடமிருந்து வலமாகப் படித்தால் கதை. நிரலாக, மேலிருந்து கீழாகப் படித்தால் அமைப்பு. மேலே ஆண், கீழே பெண் என்று படைத்தவர் மாறுகிறார். மண்ணிலிருந்து பிறப்பதும், எருமை முன்னால் மனிதன் பின்னால் என்ற வரிசையும் மாறவில்லை. கவனிக்க வேண்டியது அந்த மாறாத நிரல்தான்.

இங்கே ஒரு சபலம் வரும். லெவி-ஸ்ட்ராஸ், அறியாமல் தந்தையைக் கொன்று தாயை மணந்த கிரேக்க ஈடிபஸின் கதையை நான்கு நிரல்களாக்கி, மனிதன் மண்ணில் முளைத்தவனா, இருவருக்குப் பிறந்தவனா என்ற முரணை அதில் கண்டார். "இதுவும் அதுவே!" என்று குதிக்க வேண்டாம். நான்கு நிரல் வேண்டும் என்பதற்காக அட்டையை வளைப்பதுதான் இந்த முறையில் அடிக்கடி நடக்கும் தவறு. விலா எலும்பு பைபிளை நினைவூட்டுகிறதே என்று அ4-ஐத் தூக்கி எறிவது அடுத்த தவறு. ரிவர்ஸ் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஊட்டிக்கு அருகே கேத்தியில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ சபை இருந்தது; சந்தேகம் நியாயமானதே. ஆனாலும் அந்த அட்டை மேசையில் இருக்கட்டும். மேலே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டால் போதும்.

உறவுப் பெயர்களில்தான் அதிகம் கெடுகிறது. மாமன் மகளைக் கட்டுவது தமிழிலும் மலைமொழிகள் பலவற்றிலும் முறை. சித்தப்பா மகள் தங்கை. ஆங்கிலத்தில் இருவருமே 'கசின்'. ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து அட்டை எழுதினால், முறைப்பெண்ணைக் கட்டியவன் "தகாத உறவு" நிரலில் போய் விழுவான், முழு அட்டவணையும் பொய்யாகும். ஆகவே உறவுச் சொல்லை அவரவர் மொழியிலேயே எழுதி, "அப்பாவின் தம்பி மகள்" என்பது போல விரித்துப் பக்கத்தில் குறியுங்கள்.

லெவி-ஸ்ட்ராஸ் பெரிதாகக் கண்டுகொள்ளாதது ஒன்று: சொல்பவர். அதை அட்டையின் பின்பக்கம் எழுதுங்கள்: யார், யாரிடம், எந்தச் சடங்கில் அல்லது எந்தத் திண்ணையில். இன்னொரு நீலகிரிப் பழங்குடியினரான கோத்தரின் கதை ஒன்றில் காமட்டராயன் என்ற தெய்வத்தின் மூன்று வியர்வைத் துளிகளிலிருந்து தோடர், குறும்பர், கோத்தர் பிறக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஓர் உணவு விதிக்கப்படுகிறது. ரிவர்ஸ் தரும் வடிவத்தில் மூன்று பானைகள், மூன்று வகை இறைச்சி. அட்டையில் "ஒரு மூலம், மூன்று மக்கள், மூன்று உணவு" என்று அழகாக அமையும். பின்பக்கம் காலியாக இருந்தாலோ, உணவை வைத்து மேல்கீழ் பார்க்கிறவர் கையில் இதுவே வசையாகிவிடும்.

கடைசிச் சோதனை: எண்களை மறைத்து, அட்டைகளைக் கலைத்து, கதை தெரிந்த இன்னொருவரிடம் அடுக்கக் கொடுங்கள். அந்த மொழி பேசுபவராக இருந்தால் நல்லது. அவர் நிரல் உங்களுடையதோடு பொருந்தாத அட்டைகளைத் தனியே எடுத்து, அந்த இடத்துப் பதிவை மறுபடி கேளுங்கள். மேசையைக் கலைக்குமுன் எண்கள் தெரியும்படி இரண்டு அடுக்குகளையும் படமெடுங்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு எடுங்கள். ஊட்டிக் காற்றுக்கு எந்த நிரலும் நிற்காது.