குவார்ட்டர்பேக் ஆக ஆசையா? தோளை விட்டுவிட்டு விரலைப் பாருங்கள்
அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையால் வீசி ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்குக்குக் கை பலம்தான் எல்லாம் என்று நினைத்து, அரியமான் கடற்கரையில் தூரம் தூரமாக வீசித் தோளைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், நான் அடித்த கூத்து அது. பந்தின் தையல் மேல் விரல் நுனிகள் பதியட்டும், உள்ளங்கை ஒட்ட வேண்டாம். விடும்போது ஆள்காட்டி விரல் கடைசியாகப் பிரிந்தால் பம்பரம் மாதிரி சுழன்று போகும், கச்சான் காற்றிலும் அவ்வளவாகத் தள்ளாடாது. அப்புறம், பந்தைப் பிடிக்க ஓடுகிற நம் ஆள் நிற்கும் இடத்துக்கு இல்லை, வந்து சேரப்போகும் இடத்துக்கு வீசுங்கள். எதிரணி பாய்ந்து வர இரண்டு மூன்று நொடிதான், அதற்குள் முதல் ஆளை மறித்துவிட்டார்களா, சட்டென்று அடுத்தவனைப் பார்க்க வேண்டும். சரி, ஓட்டம்? இருந்தால் நல்லது, அவ்வளவுதான். 2000-இல் தொழில்முறை அணிகள் புது வீரர்களை எடுத்தபோது 199-ஆவது ஆளாகத் தேர்வான குவார்ட்டர்பேக் டாம் பிரேடி ஓட்டத்தில் ஆமைதான், ஆனால் அந்த ஆட்டத்தின் சாம்பியன் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை 7 முறை வென்றார்.