தலையணை மந்திரமா? நூர்ஜஹானைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசன் ஒருவன் மனைவியின் பேச்சைக் கேட்டான் என்றால் நம்மிடம் அதற்குத் தயாராக ஒரு பெயர் இருக்கிறது: தலையணை மந்திரம். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் மனைவி நூர்ஜஹானைப் பற்றி நான் படித்த கட்டுரைகளிலும் கேட்ட மேடைப் பேச்சுகளிலும் பெரும்பாலானவை இந்த ஒரு சொல்லின் விரிவுரைதான். பேரழகி, மயங்கிக் கிடந்த பேரரசன், திரைமறைவுச் சதி. கேட்கச் சுவையாக இருக்கும். ஆனால் அவர் எதை வைத்து அதிகாரம் செய்தார் என்ற கேள்விக்கு அதில் விடையே இருக்காது. வரலாறு படிக்கிற மாணவர்களும் எழுதுகிறவர்களும் இதை இன்னும் திருப்பிச் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதல் தவறு, கதையைக் காதலில் தொடங்குவது. இளவரசர் சலீம், அதாவது பின்னாளைய ஜஹாங்கீர், சிறு வயதிலேயே மெஹருன்னிசாவை (நூர்ஜஹானின் இயற்பெயர்) விரும்பினார், பட்டத்துக்கு வந்ததும் அவர் கணவர் ஷெர் ஆப்கனைக் கொல்ல ஆள் அனுப்பினார் என்று சொல்வார்கள். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஜஹாங்கீர் அரியணை ஏறியது 1605. வங்காளத்தின் பர்த்வானில் நடந்த மோதலில் ஷெர் ஆப்கன் இறந்தது 1607. திருமணம் நடந்ததோ 1611-இல். நினைத்ததை முடிக்கும் அதிகாரம் படைத்த பேரரசர், ஆசைப்பட்ட பெண் தன் அரண்மனைக்கே வந்து சேர்ந்த பிறகு, ஏன் நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்? அந்த மோதலில் ஜஹாங்கீர் இழந்தது தன்னோடு ஒரே தாய்ப்பால் குடித்து வளர்ந்த வங்காள ஆளுநர் குத்புத்தீனை. அந்த இழப்பின் கோபம் அவருடைய நினைவுக் குறிப்புகளில் கொதிக்கிறது; காதலின் சாயல் அங்கே இல்லை. மணமானபோது நூர்ஜஹானுக்கு வயது முப்பத்து நான்கு. ஒரு மகளைப் பெற்றவர், கணவரை இழந்தவர், அரண்மனை நடப்புகளை உள்ளிருந்து அறிந்தவர். அந்த அனுபவத்தை விட்டுவிட்டு அழகை மட்டும் பேசினால் அவரில் பாதிதான் நமக்குக் கிடைக்கும்.

ரோஜா அத்தரைக் கண்டுபிடித்தவர் நூர்ஜஹான் என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். பன்னீர் வடிக்கும்போது சூடான நீரின் மேலே படிந்த எண்ணெய்ப் படலத்தைச் சிறிது சிறிதாகச் சேகரித்தவர் அவருடைய தாயார் அஸ்மத் பேகம் என்று ஜஹாங்கீரே எழுதியிருக்கிறார். ஒரு துளியை உள்ளங்கையில் தேய்த்தால் சபை முழுவதும் மணக்கும் என்று வியந்து, மாமியாருக்கு முத்துமாலை பரிசளித்தார்.

இதைவிடப் பெரிய தவறு, யார் எழுதியது என்று பாராமல் மேற்கோள் காட்டுவது. “எனக்கு ஒரு சேர் மதுவும் அரை சேர் இறைச்சியும் போதும், ஆட்சியை நூர்ஜஹானுக்குக் கொடுத்துவிட்டேன்” (சேர் என்பது அக்கால எடை அளவு) என்று ஜஹாங்கீர் சொன்னதாக ஒரு வாசகம் எல்லா இடங்களிலும் வரும். அதைப் பதிவு செய்தவர் முதாமத் கான். 1622-இல் உடல் தளர்ந்தபோது ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்புகளைத் தொடரும் பொறுப்பை ஒப்படைத்ததும் இவரிடம்தான். ஆனால் அந்த வாசகம் உள்ள வரலாறு ஷாஜஹான் ஆட்சியில் உருவானது. ஜஹாங்கீரின் மகனான ஷாஜஹானோ, 1622-இல் தந்தைக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தவர். தந்தை கையாலாகாதவர், சிற்றன்னை சூழ்ச்சிக்காரி என்றால் அந்தக் கிளர்ச்சிக்கு நியாயம் கிடைத்துவிடும் அல்லவா? ஜஹாங்கீர் குடித்தார் என்பது உண்மை. அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். நோயுற்றபோது தன் மதுவைப் படிப்படியாகக் குறைத்தவர் நூர்ஜஹான், அவருடைய திறனும் அனுபவமும் மருத்துவர்களுடையதை விஞ்சியவை என்றும் அவரேதான் எழுதியிருக்கிறார். ஊற்றிக் கொடுத்து ஆட்சியைப் பறித்தவர் என்ற கதைக்கு இது நேர் எதிர்.

இப்படிச் சொல்வதால் நூர்ஜஹானை முடிசூடிய பேரரசராக்கிவிடவும் கூடாது. அவர் பெயரில் நாணயம் வெளிவந்தது உண்மை. வேறு எந்த முகலாய அரசிக்கும் கிடைக்காத சிறப்பு அது. ஆனால் அந்த நாணயத்தின் பாரசீக வரிகளைக் கவனமாகப் படிக்க வேண்டும்: ஜஹாங்கீர் மன்னரின் ஆணையால், பாதுஷா பேகம் நூர்ஜஹானின் பெயர் ஏறிப் பொன் நூறு மடங்கு அழகு பெற்றது. ஆணை மன்னருடையது, பெயர் அரசியுடையது. வெள்ளிக்கிழமைத் தொழுகையில் ஆள்பவரின் பெயரைச் சொல்லி ஓதும் குத்பா அவர் பெயரில் ஓதப்படவே இல்லை. நாணயம், குத்பா இரண்டும் சேர்ந்தால்தான் அங்கே முழு அரசுரிமை. அவர் எவ்வளவு தூரம் போனார், எந்த இடத்தில் நின்றார் என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்ட வேறு சான்று வேண்டியதில்லை.

அந்தப்புரம் என்றாலே அடைபட்ட அறை என்று நினைப்பது அடுத்த பிழை. முகலாய அரச மகளிருக்குச் சொந்த வருவாய் உண்டு, முத்திரை உண்டு, வணிகம் உண்டு. ஜஹாங்கீரின் தாயாருக்குச் சொந்தமான கப்பலைப் போர்த்துக்கீசியர் 1613-இல் பிடித்தபோது அது பேரரசின் பிரச்சினையாகவே வெடித்தது. நூர்ஜஹான் அந்த வழியில் வந்தவர், அதை மேலும் அகலப்படுத்தியவர். 1617-இல் மாண்டு என்ற கோட்டை நகரின் அருகே நடந்த வேட்டையில், யானை மேல் அம்பாரிக்குள் இருந்தபடி ஆறு குண்டுகளில் நான்கு புலிகளை வீழ்த்தினார். அசைந்துகொண்டே இருக்கும் யானையின் மீதிருந்து ஒரு குண்டுகூடக் குறி தவறவில்லை என்று ஜஹாங்கீர் பெருமையோடு எழுதியிருக்கிறார்.

1626-ஐ மறந்துவிட்டு அவரைப் பற்றி எழுதவே கூடாது. ஜீலம் ஆற்றங்கரையில் படையின் பெரும்பகுதி ஆற்றைக் கடந்துவிட்ட நேரம் பார்த்து, தளபதி மகபத் கான் பேரரசரைச் சிறைபிடித்தார். நூர்ஜஹான் மறுகரை சேர்ந்து, பிரபுக்களைக் கூட்டிக் கடிந்துகொண்டார். பிறகு கணவரை மீட்க யானை மீதேறி ஆற்றில் இறங்கினார். உடன் இருந்தது மகள் லாட்லியின் கைக்குழந்தையும் அதன் செவிலியும். செவிலியின் கையில் அம்பு பாய்ந்தது, யானையும் காயம்பட்டது. தாக்குதல் தோற்றது. அவர் தப்பி ஓடவில்லை. தாமாகவே சென்று கணவரோடு காவலில் சேர்ந்துகொண்டார். சில மாதங்களில் அதே முகாமுக்குள் இருந்தபடி ஆள் சேர்த்து, பெரும் போரின்றிக் கணவரை மீட்டார்.

அண்ணன், தந்தை, இவர் எல்லாரும் கடைசிவரை ஒரே அணி என்று சொல்வதும் சரியல்ல. தந்தை இத்மாத் உத் தௌலா அக்பர் காலத்திலேயே உயர்ந்தவர், மகளின் மணத்தால் மட்டும் வந்தவரல்ல. அண்ணன் ஆசப் கானின் மகள் மும்தாஜ், ஷாஜஹானின் மனைவி. நூர்ஜஹானின் மகள் லாட்லியோ 1621-இல் இளைய இளவரசர் ஷாரியாரை மணந்தார். ஒரே வீட்டில் இரண்டு மருமகன்கள், ஒரே அரியணை. 1627-இல் ஜஹாங்கீர் இறந்தபோது தங்கையைக் காவலில் வைத்து ஷாஜஹானுக்கு வழி திறந்தவர் அந்த அண்ணன்தான். ஷாரியார் பார்வையையும் பின்பு உயிரையும் இழந்தார்.

நூர்ஜஹான் அதன் பிறகு பதினெட்டு ஆண்டுகள் லாகூரில் வாழ்ந்து 1645-இல் மறைந்தார். லாகூரை ஒட்டிய ஷாதராவில் ஜஹாங்கீர் சமாதியை அடுத்து இருப்பது ஆசப் கானின் சமாதி. நூர்ஜஹானின் சமாதி, பிற்காலத்தில் ஆங்கிலேயர் போட்ட ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அவர் பக்கத்தில் இருப்பவர் லாட்லி.